படகுக்குக் காவல் இருந்தவன்

— எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னு தெரியலக்கா. முதல் புத்தகத்தைப் படிச்சுக் காட்ட ஆரம்பிச்சப்போ கடையில இந்த ஸ்டீம் பெட்டி வந்திருந்துச்சா, பழைய இஸ்திரிப் பெட்டியா?

— பழசுதான். உனக்கு மீசை கூட ஒழுங்கா முளைக்கல. பதிமூணு வருஷம், தம்பி. ஒரு சட்டைக்கு ஒரு பக்கம்னு ஏழு புத்தகம்.

— கடைசிப் பக்கம் முடிச்சுக் கால் மணி நேரமாச்சு. நீ இன்னும் அதே சட்டையைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கே.

— எங்க தேய்க்கறேன்? பெட்டியை எப்பவோ அணைச்சுட்டேன். சும்மா கையை வெச்சுக்கிட்டு நிக்கறேன். நீயும் கொஞ்சம் பேசாம இரு.

— அக்கா?

— நிறைஞ்சு போச்சுடா. நல்லாச் சாப்பிட்டு, கை கழுவ எழுந்திரிக்க மனசு வராம உக்காந்திருப்போமே, அப்படி இருக்கு.

— எனக்கும் அப்படித்தான். ஆனா நாளைக்கு மத்தியானம் நீ தேய்க்கும்போது நான் என்ன பண்றது?

— துணியை மடி. சம்பளம் அதுக்குத்தானே. அப்புறம், அந்த ஏழு புத்தகத்தையும் நாளைக்கு எடுத்துட்டு வா. லீவு நாள்ல முதல்லேர்ந்து நானே படிக்கப் போறேன்.

— நீயா? எழுத்து ரொம்பப் பொடிசுக்கா.

— கண்ணாடி எதுக்குப் போட்டிருக்கேன், அழகுக்கா?

— வந்து... நானே மறுபடி படிச்சுக் காட்டறேனே.

— வேணாம். எனக்கு ஒண்ணு பாக்கணும்.

— மூணாவது புத்தகம் வேற காணோம்.

— மத்த ஆறும் இருக்கு, மூணாவதுக்கு மட்டும் காலு முளைச்சுப் போயிடுச்சா? முகத்தைப் பாரு, வெளுக்கப் போட்ட துணி மாதிரி. என்னடா?

— திட்டக் கூடாது.

— திட்டறதை நான் பாத்துக்கறேன். சொல்லு.

— மூணாவது படிச்சுக்கிட்டு இருந்தப்பதான் மாமா போனாரு. பத்து நாள் கூட ஆகல, நீ கடையைத் திறந்துட்ட. 'படிடா, காதுல ஏதாவது விழணும்'னு சொன்ன. பக்கத்தைத் திருப்பறேன், கதையில அந்தப் படகோட்டி ஆத்துல குதிக்கறான். முழுகப் போன இளவரசியைக் கரையில தள்ளி விட்டுட்டான். அவன் வரல.

— வரலன்னா?

— அவ்வளவுதான். வரல.

— 'நனைஞ்ச கோழி மாதிரி வந்து நின்னான்'னுல்ல நீ படிச்ச?

— அது புத்தகத்துல இல்ல. உன் முகத்தைப் பாத்துட்டு அதைப் படிக்க வாய் வரலக்கா.

— அப்ப நாலாவது, அஞ்சாவது?

— ஏழு வரைக்கும். இளவரசி தனியா யோசிக்கற இடமெல்லாம் இவன்கிட்ட சொல்ற மாதிரி மாத்திடுவேன். சண்டை வந்தா இவனைப் படகுக்குக் காவலா விட்டுடுவேன்.

— அதானே பாத்தேன். ஊரே வெட்டிக்கிட்டு சாகுது, இவன் மட்டும் நாலு புத்தகமா ஒரு ஓட்டைப் படகுக்குக் காவல் இருந்தானே.

— சிரிக்கறியா, அழறியா?

— ஆவி பட்டுடுச்சு.

— பெட்டியைத்தான் அணைச்சுட்டியே. பதிமூணு வருஷக் கதையைக் கெடுத்துட்டேன், இல்ல? உனக்குப் பிடிச்ச ஒரே ஆளு அவன்தான். இன்னைக்கு முடியட்டும், சொல்லிடலாம்னு இருந்தேன். நீ வேற அவ்வளவு நிறைவா நின்ன. கோவமா இருந்தா ரெண்டு அடி கூட அடிச்சுடு.

— நான் புத்தகம் கேட்டது எதுக்குன்னு தெரியுமா?

— படிக்கறதுக்குன்னு சொன்னியே.

— நாலாவதுல ஒரு இடம் வரும். இளவரசி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்பா. இவன் போயி, 'கோவத்தை ஓரமா வெச்சுட்டுச் சாப்பிடு, ஆறிப் போனா ரெண்டும் நல்லாயிருக்காது'ம்பான்.

— ஆமா. அது ஏதோ அந்த நேரத்துக்கு என் வாயில வந்துச்சு.

— சும்மா வந்துடுமா? உங்க மாமா என்கிட்ட தினமும் சொன்னதுடா அது. நீ எங்க வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு எப்பவோ கேட்டிருப்பே. நீ அதைப் படிச்ச அன்னைக்குத்தான் கையை எடுக்க மறந்து ஒரு வக்கீலோட வெள்ளைச் சட்டையைக் கருக்கினேன்.

— சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. நானா யோசிச்சேன்னுதான் நினைச்சேன்.

— ஒரு தடவை இல்ல. அவன் கணக்குப் போடறது, தூக்கத்துல இருமறது, மழையைப் பாத்துத் திட்டறது எல்லாம் அவருதான். எழுதினவங்களுக்கு உங்க மாமாவை எப்படித் தெரியும்? நீ நடுநடுவுல எதையோ சேக்கறேன்னு புரிஞ்சுது.

— அப்பவே கேட்டிருக்கலாமே.

— கேட்டா நிறுத்திடுவ. அதான் பேசாம தேய்ச்சேன். இப்பக் கதை முடிஞ்சு போச்சு, எது புத்தகம், எது அவருன்னு பிரிச்சுப் பாக்கலாம்னு இருந்தேன்.

— நாளைக்கே கொண்டு வரேன். மூணாவதும் வீட்டுலதான் இருக்கு.

— வேணாம், உன்கிட்டயே இருக்கட்டும். பிரிக்கறதுக்கு என்ன இருக்கு? இளவரசி மலைநாட்டை ஆள்றா, குருட்டு வரைபடக்காரன் கடலோட போயிட்டான், பூதம் திரும்பக் கல்லாயிடுச்சு, படகோட்டி மூணாவது புத்தகத்துலயே செத்துட்டான்; அதுக்கப்புறம் நாலு புத்தகமும் எங்கூடப் பேசினது முழுக்க உங்க மாமாதான்.