கோர்படி வீட்டின் பின்னறை

என் பெயர் ஜான்சி, வயது 33, கணவர் பெயர் அந்தோணி. போபோடியில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் குடியிருக்கிறேன். கட்கியில் ஒரு மருந்து கம்பெனியில் பாட்டில் அடைக்கும் வேலை செய்கிறேன். எனக்கு மராத்தி பேச வரும் என்றாலும் இதையெல்லாம் கோர்வையாகச் சொல்லும் அளவுக்கு வராது என்பதால், நான் தமிழில் சொல்வதைத் தலைமைக் காவலர் ஜெபமணி எழுதிக்கொள்கிறார். இன்று ஷிப்ட் முடிந்து நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். இதையே தீயணைப்புப் பயிற்சிக் குழுவிடமும் ஆஸ்பத்திரியிலும் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

சென்ற வருடம், அதாவது 1998இல், எங்கள் சந்தில் ஸ்டவ் வெடித்து ஒரு வீடு எரிந்தபோது தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய முடியாமல் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு தொண்டர் தீயணைப்புப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள், நானும் பெயர் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி நடந்தது. ஒரு தொழிற்சாலையின் தீயணைப்புப் பிரிவில் இருக்கும் சந்தானம் என்பவர் சொல்லிக்கொடுத்தார். ஹோஸ் பிடிப்பது, ஏணி ஏறுவது, ஆளைத் தோளில் சுமப்பது எல்லாம் முடிந்து, புகைக்குள் போய் ஆளை மீட்கும் பயிற்சி மட்டும் பாக்கியிருந்தது. அதை முடித்தால்தான் சான்றிதழ்.

அதற்காகக் கோர்படியில் இடிக்கப்போகிற ஒரு காலி வீட்டைப் பிடித்திருந்தார்கள். ஆளுக்குப் பதிலாக மணல் அடைத்த சாக்குப் பொம்மை ஒன்று உண்டு. சென்ற ஞாயிறு மதியம் அதைத் தூக்கிக்கொண்டு சந்தானமும் நானும் உள்ளே போய் நடு அறையின் மையத்தில் வைத்தோம். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதன் பிறகு வெளியே வந்து, "உள்ள யாரும் இல்ல, போடலாம்" என்று அவர் சொன்னார். ஈரச் சாக்குகளைத் தகர டிரம்மில் போட்டுக் கொளுத்தி முன்னறையில் வைத்தார்கள்.

வீடு முழுக்கப் புகை நிறைந்த பிறகு, ஆட்டோ ஓட்டும் இஸ்மாயிலும் நானும் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறோடு தவழ்ந்து போனோம். சொல்லிக்கொடுத்தபடி இடது கையைச் சுவரிலிருந்து எடுக்காமலே போனதால் பொம்மையைத் தாண்டிவிட்டோம் என்பது எனக்குத் தெரியவில்லை. கையில் ஒரு கதவு தட்டியது, தள்ளினேன், திறந்தது. அந்த அறையிலும் புகை இருந்தது. மூலையில் துணி தட்டுப்பட்டது. பொம்மை என்று நினைத்து, தோள் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்து இழுத்தேன். அது சூடாக இருந்தது. அதன் பிறகு அது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"இஸ்மாயில், இது ஆளு!" என்று கத்தினேன்.

"மஸாக் பண்ணாத அக்கா," என்றான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. அதன் பிறகு அவனும் தொட்டுப் பார்த்தான். மறு தோளைப் பிடித்துக்கொண்டான்.

இருவரும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, பொம்மையைக் கொண்டுவந்துவிட்டோம் என்று எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு வளையல் கை தரையில் தொங்குவதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்கள். சந்தானம் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார், துண்டு கூடக் கட்டாமல் உள்ளே ஓடினார், வேறு யாராவது இருக்கிறார்களா என்று எல்லா அறையையும் தேடிவிட்டு இருமிக்கொண்டே வந்தார். இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அம்மாவின் பெயர் ஜமீலா, அந்தப் பக்கத்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர் என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள்.

"காய்ச்சலும்மா. அடுத்த வீட்டுக்கு நடக்க முடியல. பின்கதவு தெறந்துதான் கெடந்துச்சு. மாத்திரை போட்டுட்டு செத்த நேரம் படுத்தேன். முழிச்சா ஒண்ணும் தெரியல, வழின்னு நெனச்சு மூலைக்குப் போயிட்டேன்," என்றார். பிறகு, "போலீஸ் என்னைப் புடிப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சந்தானம் நின்றிருந்தார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"பின்கதவுல பூட்டு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடு ஜான்சி. அந்தம்மா ஒடச்சிட்டு வந்ததா போயிடும். இல்லன்னா என் வேலை போயிடும்," என்றார். அப்போதும் இருமிக்கொண்டுதான் இருந்தார். டீயைக் குடித்தேன். காலி கிளாசை என் கையிலிருந்து வாங்கி, அவரே கடையில் கொண்டுபோய் வைத்தார். அவர் எனக்கு ஒரு நாளும் கெடுதல் செய்தவர் அல்ல.

அந்த வீட்டின் பின்பக்கத்துக்கு அன்று நான் போகவில்லை. அங்கே பூட்டு எதையும் நான் பார்க்கவில்லை. உள்ளே இருந்த கதவு, கையால் தள்ளியதும் திறந்தது.

பொம்மையை வெளியே கொண்டுவராததால் என் பயிற்சி முடிந்ததாக ஆகாது என்று குழு சொல்லிவிட்டது. இஸ்மாயில் இனி வரமாட்டேன் என்கிறான். என் கணவரும் போக வேண்டாம் என்கிறார். வரும் ஞாயிறு நான் போவேன். புகை போடும் முன் எல்லாக் கதவையும் நானே திறந்து பார்ப்பேன், அதற்குச் சம்மதித்தால்தான் உள்ளே இறங்குவேன் என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இவ்வளவும் நான் கண்டும் செய்தும் கேட்டும் அறிந்தவை. ஒருவருக்காகக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எழுதியதை ஜெபமணி வாசித்துக் காட்டினார், சரியாக இருக்கிறது. என் சம்மதத்தோடு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஜான்சி