கடவாப்பல்லில் ஷார்ட்டு

டாக்டர்: வாயை மூடாதீங்கண்ணே! உதட்டுல கொக்கி மாட்டியிருக்கேன்ல.

வெள்ளைத்துரை: ஆங்... ஊ...

ராமுத்தாய்: கரண்டு அடிக்குமாங்குறாரு, டாக்டரு தம்பி.

டாக்டர்: அடிக்காதுக்கா. சின்ன பேட்டரிதான். இந்த ஜப்பான் பொட்டியில இருந்து ஒரு ஒயரு உதட்டுக்கு, இன்னொண்ணு பல்லுக்குள்ள விடுற ஊசிக்கு. பல்லுச் செவுத்தைக் கரண்டு லேசுல தாண்டாது. ஊசி வேரு நுனிக்குப் போயி சதையைத் தொட்டாத்தான் இந்த முள்ளு செவப்புக் கோட்டுக்கு ஓடும். வேரு எம்புட்டு நீளம்னு...

ராமுத்தாய்: அந்தா ஓடிருச்சே!

டாக்டர்: அதான்க்கா இடிக்குது. ஊசி பாதி தூரங்கூட எறங்கல.

வெள்ளைத்துரை: ஆ... ஓ...

டாக்டர்: இருங்க, கொக்கியைக் கழட்டுறேன். ம், சொல்லுங்க.

வெள்ளைத்துரை: பொட்டி பொய் சொல்லுதோன்னேன்.

டாக்டர்: பக்கத்து வேருல சரியாத்தானே சொல்லுச்சு? ஒங்க ஜீப்புல ஆரன் ஒயரு தோலு உரிஞ்சு பாடியில பட்டா என்னாகும்?

வெள்ளைத்துரை: ஷார்ட்டாகி, பட்டனை அமுக்காமலே கத்தும். ஒருக்கா போடிமெட்டு ஏத்தத்துல கத்துன கத்துக்கு, எஸ்டேட்டுக்குப் போற பொம்பளைக பூராம் குதிச்சு எறங்கிட்டாக!

டாக்டர்: அதேதாண்ணே! நுனிக்கு முன்னாடியே ஊசி எங்கயோ சதையில படுது. வேரோட செவுத்துல ஓட்டை.

ராமுத்தாய்: ஓட்டையா! போன வாரம் ஊசியை விட்டு நோண்டுனது நீங்கதானே? இப்பவே சந்தைக்குப் போயி நாலு பேருகிட்டச் சொல்லுறேனா இல்லையா பாருங்க!

டாக்டர்: என் கையால ஆயிருந்தாலும் ஆயிருக்கும்க்கா. அப்படின்னா ஒரு வாரமா எச்சியும் கிருமியும் எறங்கியிருக்கும். புடுங்குறதுதான் வழி.

வெள்ளைத்துரை: புடுங்கவா! இந்தப் பக்கம் கறி மெல்ல இருக்குறதே இது ஒண்ணுதான் தம்பி.

டாக்டர்: நேத்து இன்னைக்கு விழுந்த ஓட்டைன்னா வெள்ளிக் கலவையை வச்சு அடைச்சுக் காப்பாத்திரலாம். ஆமா... நான் மேல வச்ச அடைப்பு எங்கண்ணே?

வெள்ளைத்துரை: அது... நேத்து குரங்கணியில லோடு ஏத்துறப்ப ரெண்டு ஏலக்காயை வாயில போட்டேன். அடைப்பு பேந்துக்கிச்சு. ஏலரிசி உள்ள போயி உக்காந்துக்கிச்சு.

டாக்டர்: அப்புறம்?

ராமுத்தாய்: அப்புறமென்ன, கொப்புளிச்சுத் துப்பிட்டாரு. நீங்க சோலியைப் பாருங்க.

வெள்ளைத்துரை: ஏ புள்ள, பல்லு போயிரும்டி... தம்பி, ஜீப்பு கார்புரேட்டர்ல தூசி அடைச்சா குத்துறதுக்கு ஒரு கம்பி வச்சிருப்போம்ல...

டாக்டர்: அதையா பல்லுக்குள்ள விட்டீங்க!

வெள்ளைத்துரை: நரம்புதான் எடுத்தாச்சே, வலிக்காதுன்னு... கடைசியில சுருக்குன்னுச்சு பாருங்க! நான் கத்துன கத்து போடி பூராம் கேட்டிருக்கும்.

டாக்டர்: அந்தச் சுருக்குதான் சதை! பொட்டியும் அதைத்தானே சொல்லுது! ஒரு நா ஓட்டைதான். கழுவி அடைச்சிரலாம். பல்லு பொழைச்சுக்கிருச்சுண்ணே!

வெள்ளைத்துரை: அப்பாடா...

டாக்டர்: ஆனா ஒண்ணு புரியல. இது கடைசிக் கடவாப்பல்லு. கண்ணாடியில பாத்தாலும் உள்ளுக்குத் தெரியாது. நீங்களே எப்படிக் குத்துனீங்க?

வெள்ளைத்துரை: அது வந்து...

டாக்டர்: அக்கா, எங்க வெரசாக் கெளம்பிட்டீங்க? சந்தைக்கா?

ராமுத்தாய்: ...நான் என்ன தம்பி செய்ய? இந்த மனுசன் வாயைப் பொளந்துக்கிட்டு, “இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்”னு கையைக் கையை ஆட்டுனாரு. எனக்கு ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில கம்பி... ஆனா ஏலரிசியில ஒண்ணு மிச்சம் வைக்கலையே, நீங்க வேணா பாருங்க!