மீண்டும் முயல்: மூக்கம்மாள் டீச்சருக்கு மட்டாஞ்சேரியின் மடல்

கொச்சி மட்டாஞ்சேரிப் பள்ளி மாணவர் நாவில் மெய்யெழுத்துக்கு உயிர் கொடுத்தவரே, மின்சாரம் போனாலும் முகம் வாடாத தொடுதிரைத் தலைவியே, இருபத்தொன்பது ஆண்டுத் தமிழாசிரியர் மூக்கம்மாள் டீச்சர் அவர்களே, வணக்கம்!

சுண்ணக்கட்டியில் தொடங்கிய தங்கள் பணி ஸ்லைடுகளில் செழித்தது. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கையும் திரையில் ஓடவிட்டீர்கள். சொல்லை விரலால் இழுத்து உரிய கட்டத்தில் சேர்க்க வேண்டும்; தவறினால் 'மீண்டும் முயல்க' என்று திரை பணிவுடன் தெரிவிக்கும்.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு அனீஷ், 'தாகத்துக்குக் குடிப்பது' என்னும் கட்டத்தில், மலையாளத்தில் தண்ணீர் என்ற நினைப்பில் 'வெள்ளம்' என்பதை இழுத்துப் போட்டு, ஒரு பெருவெள்ளத்தையே குடிக்கத் துணிந்தான். திரை தன் கடமையைச் செய்தது. அவன் எழுந்து, கடைசி 'க'வை விழுங்கிவிட்டுக் கேட்டான்:

"டீச்சரே, மீண்டும் முயல்னு இருக்கு. அப்போ மொதல்ல வந்த முயலு எவிடெ?"

வகுப்பு சிரித்தது. தாங்கள் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை. மறுநாள், தமிழை விட்டு மலையாளத்துக்கு மாற விண்ணப்பம் கொண்டுவந்தான், மலையாளத்தில். அவன் போனால் இன்னும் நால்வர் போவார்கள், தமிழ் வகுப்புக்குப் பூட்டுத்தான் என்பது தங்களுக்குத் தெரியும். ஆயினும் தடுக்கவில்லை.

"பிழையில்லாத் தமிழில் எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்றீர்கள்.

அன்றே ஸ்லைடில் ஒரு முயலைக் குடிவைத்தீர்கள். தவறான விடைக்கு அது தாவியது. அதைப் பார்க்கவே வகுப்பு முழுவதும் தவறு செய்தது. மூன்றாம் நாள் முயலைச் சரியான விடைக்கு மாற்றினீர்கள். இவ்வளவு விரைவான இடமாற்றத்தைக் கல்வித்துறையில் நாங்கள் கண்டதில்லை.

அனீஷ் விண்ணப்பம் எழுதினான். தாங்கள் சிவப்பு மையால் சுழித்தீர்கள். அவன் திரைக்குப் போய்ப் பயின்றான், திரும்ப எழுதினான். ஏழாம் முறை, வகுப்பு நடுவே நின்று, தமிழை விட்டு விலகும் விண்ணப்பத்தைத் திக்காமல் திணறாமல் தமிழில் வாசித்தான். பிழையே இல்லை. தாங்கள் கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தீர்கள்.

"ஒப்பு வேண்டா டீச்சரே. மார்க்கு மாத்திரம் போட்டாப் போதும்."

பத்துக்குப் பத்து போட்டீர்கள். வகுப்பு பூட்டப்படவில்லை.

சென்ற வாரம் முதல் அந்த ஸ்லைடுகள், தங்கள் இடத்துக்கு வரும் பாலையா சார் பொறுப்பு. முதல் நாளே முயலைத் தொலைத்துவிட்டு, இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறார். ஆகவே, நோயின்றி நூறாண்டு தாங்கள் வாழ வேண்டுவது அன்பினால் மட்டும் என்று சொல்ல மாட்டோம்.

'ஓய்வு' என்னும் கட்டத்தை இன்று தொட்டிருக்கிறீர்கள், டீச்சர். எங்கள் திரை காட்டுவது ஒன்றுதான்: மீண்டும் முயல்க.

என்றும் தங்கள்
ஆசிரியர்கள், அலுவலர்கள்
மட்டாஞ்சேரி

பிழை திருத்தம்: அனீஷ், பத்தாம் வகுப்பு, தமிழ்ப் பிரிவு