வேகவைத்த ஸ்பாஞ்சு

ஹலோ... ம், அண்ணிதான். மெதுவா பேசு, ஒண்ணும் புரியல... தொட்டி மீனுங்களா? எத்தனை மிதக்குது?... எல்லாமேவா? அந்தப் பெரிய ஆரஞ்சு?... அதுவுமா. சரி, சரி, அழாதே. பல்வலியோட வந்து உக்காந்திருக்கறவங்க உன் அழுகையையும் சேர்த்துப் பாக்கணுமா.

உங்க அண்ணன் பாத்தாரா?... வேணாம், கூப்பிடாதே. யாரு வாய்லயாவது கைய விட்டுக்கிட்டு இருப்பாரு. எங்கிட்ட சொல்லு. என்ன பண்ணினே?... ம்... ம்... ஃபில்டரைக் கழட்டினே. அந்த ஸ்பாஞ்சை எடுத்து... எதுல போட்டே?... இரு, இரு. பல்லு புடுங்கற கொறடெல்லாம் வேகவைக்கிற மெஷின்லயா? அடிப்பாவி.

...யாரு, நானா? நான் எப்போ சொன்னேன்?... ஆமா. பல் டாக்டர் கிளினிக்ல இருக்கற தொட்டி, கருவி மாதிரி சுத்தமா இருக்கணும்னு சொன்னேன். வாரம் தவறாம பண்ணுன்னும் சொன்னேன்... ஆமாமா, மெஷின் சும்மாதானே கெடக்குதுன்னும் சொன்னேன். அதுக்கு? கிணத்துல குதின்னா குதிச்சிடுவியா?

மாசம் ஒருதடவை அந்தத் தொட்டித் தண்ணியிலயே லேசாப் பிழிஞ்சு மாட்டினாப் போதும்மா. அந்த அழுக்குலதான் தண்ணியச் சுத்தம் பண்ற கிருமியே இருக்கு. அத வேகவெச்சா மீன் தன் கழிவுலயே சாகும். வாங்கின அன்னிக்கே மீன்கடைக்காரர் எங்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னாரு.

...உங்கிட்ட ஏன் சொல்லலையா? நீ கேட்டியா?

...என்ன? சத்தமா சொல்லு... அண்ணன்கிட்ட சொல்வியா? தாராளமா சொல்லு. மெஷின்ல போட்ட கை யாரோடதுன்னு மொதல்ல கேப்பாரு. அந்த மீனுங்கன்னா அவருக்கு உசிரு, தெரியுமில்ல.

பெட்டியும் கையுமா வந்து நின்னே. பாவம், கூடப் பொறந்தவளாச்சேன்னு கிளினிக்ல போன் எடுக்கற மேஜையில உக்கார வெச்சாரு. ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள தனி வீடு பாக்கறியாம்... எனக்கு எப்படித் தெரியுமா? தரகர் எனக்கும் தெரிஞ்சவர்தான். காலையில சமையல், சாயந்தரம் துணி, எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டுப் போயிடலாம்னு பாத்தியா?

...சரி. கண்ணத் தொடச்சுக்கோ. செத்ததெல்லாம் அள்ளி ஒரு கவர்ல போட்டுடு. நாளைக்கு உன் எடத்துக்கு ஒரு பொண்ணு வருது, போன் எடுக்கறது எப்படின்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்துடு... கோவத்துல சொல்லலம்மா. நீ எங்கேயும் போக வேணாம், நம்ம வீட்டுலயே இரு... சும்மா எதுக்கு உக்காரப்போறே? வேலைக்காரம்மாவத்தான் போன வாரமே நிறுத்தியாச்சே.

...ஆமா, போன வாரம்தான்... மீன் இன்னிக்குத்தான் செத்துதுன்னா என்ன இப்போ?

ஹலோ... ஹலோ, இருக்கியா? வரும்போது பாத்திரம் தேய்க்க நல்ல ஸ்பாஞ்சா ஒண்ணு வாங்கிட்டு வா. வைக்கறேன்.