பவித்ராவின் கைக்கட்டு

ஹலோ... சொல்லு வேம்பு, கேக்குது... பூந்தமல்லில ஜவுளிக்கடையில கீறேன், எம் பொண்ணு தீபிகா நிச்சயத்துக்குப் பொடவ பாத்துகினு... இன்னாது?... கொழந்தைக்கு ரத்தமா?... எங்க, கையிலயா... உள்ளங்கையா... வாசக் கேட்டுத் தகரம் கிழிச்சிடுச்சா... புள்ளைங்க காப்பகத்த ஒரு நாள் உன் பொறுப்புல வுட்டுட்டு வந்தா...

சரி சரி, பதறாத. நான் சொல்றத மட்டும் செய். ஆபீஸ் ரூம் செவுத்துல முதலுதவிப் பெட்டி மாட்டியிருக்குல்ல... ஆமா ஆமா, அதான். சாவி சாமி படத்துக்குப் பின்னால கீது... தொறந்துட்டியா. மொதல்ல குழாத் தண்ணில கைய காட்டு, துரு மண்ணு எல்லாம் போவட்டும்... எரியத்தான் செய்யும், புடிச்சிக்கோ. அந்த மெல்லிசு துணிய நாலா மடிச்சி காயத்து மேல வெச்சி அழுத்து. கைய மேல தூக்கிப் புடி... காபித்தூள அப்பித் தொலைக்காத, உங்க ஆளுங்க அதத்தான் செய்வீங்க. சீழ் புடிச்சிக்கும்.

...நின்னுடுச்சா? அப்பாடா. சுத்திக் கட்டிடு... கட்டிட்டியா. நல்ல காரியம் பண்ண வேம்பு. ஒடனே ஆட்டோ புடிச்சி டாக்டராண்ட இட்டுகினு போ, தகரம் கிழிச்சா ஊசி போட்டே ஆவணும். மேல் ஊட்டு சித்ராவ பசங்களப் பாத்துக்கச் சொல்லு. விஷால் அம்மாவுக்கு நானே போன் பண்ணி பக்குவமா சொல்லிக்கிறேன், அவங்க ஊட்டுக்காரரு ஆவடியில பெரிய ஆபீசரு...

...இன்னா? விஷால் இல்லியா?... பின்ன யாரு?

பவித்ராவா.

உன் பொண்ணு பவித்ராவா.

...இல்ல, ஒண்ணும் இல்ல. இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உனக்கு?... சரி, நான் கேக்கல. அதுக்குன்னு என் குலைய நடுங்க வெச்சிட்டியே...

ஆட்டோலாம் வேணாம். ஆறு மணிக்குக் கடைசிப் புள்ள போனப்புறம் ஊசி போட்டுக்கலாம்... ஆமா, ஒடனே போன்னுதான் சொன்னேன். அது வேற.

இப்ப அந்தக் கட்ட அவுத்துடு... அவுத்துடுன்னேன். அஞ்சு மணிக்குப் பெத்தவங்க வர ஆரம்பிப்பாங்க. உம் பொண்ணு இம்மாம் பெரிய வெள்ளக் கட்டோட நின்னுகினு இருந்தா, இன்னாச்சின்னு கேக்க மாட்டாங்க? கேட்டுத் தகரம் கிழிச்சிதுன்னு தெரிஞ்சா எவ புள்ளைய இங்க வுடுவா?... ரத்தம் திரும்ப வந்தா காபித்தூள் வையி... ஆமா, நான்தான் வேணாம்னேன். இப்ப நானே சொல்றேன். உங்கம்மா உனக்கு அதத்தான வெச்சிருப்பா, நீ நல்லாத்தான கீற.

...இன்னாது, அவுக்க மாட்டியா?... உன் பொண்ண பீசு வாங்காம உக்கார வெச்சி, அந்தப் பசங்களோடவே சோறு போடறேன், நெனப்பு கீதா உனக்கு?... அப்ப நாளைக்கி அத இட்டுகினு வராத. நீயும் வராத. மண்ணூர்பேட்டைல எந்தக் கம்பெனிக்காரன் உனக்கு வேல வெச்சிகினு காத்துகினு கீறான்?...

...இன்னா, அழுவறியா?

சரி, பவித்ராகிட்ட போனக் குடு... குடுன்றேன்ல.

...பவிக் கண்ணு, மிஸ் பேசறேன்டா. வலிக்குதா... ஆமா ஆமா, தெரியும்டா. அம்மா உன் கைல வெள்ளையா கட்டியிருக்கால்ல, அது மத்த கொழந்தைங்களோடது. உன்னுது இல்ல. அவுத்து அம்மாகிட்ட குடுத்துடு. நீ சொன்னா கேப்பல்ல... ஒட்டிக்கிச்சா? தண்ணி தொட்டுக்கோ, மெதுவா உரி... ம்... ம்... வந்துடுச்சா... செவப்பா வருதா. பரவால்ல, கைய இறுக்கி மூடிக்கோ. யாராச்சும் கேட்டா உள்ள மிட்டாய் கீதுன்னு சொல்லணும், சரியா?

...இன்னா சொன்ன?... தேங்க்யூ மிஸ்ஸா. பாரு, எப்டி சொல்லிக் குடுத்து வெச்சிருக்கேன். சமத்து. வெச்சிடு கண்ணு.