முக்கோணமாய் மடித்த முட்டை பப்ஸ்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அண்ணன் கோவிந்தசாமி அவர்களே, அடுப்போடும் அனலோடும் அன்றாடம் போராடும் பேக்கரித் தோழர்களே, சிதம்பரத்திலிருந்து சிரமம் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, என்னைப் பெற்றவளுக்கு நிகரான தாய்மார்களே, இந்த ராமாமிர்தத்தின் கூப்பிய கரங்களை ஏற்றுக்கொள்ளுங்கள்!

கடலூரிலேயே சிறந்த பப்ஸ் என் கடையில்தான் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்த அழைத்தீர்கள். எனக்கு அது வேண்டாம், எடுத்து வையுங்கள். கைதட்டாதீர்கள் தம்பி! முழுக்கக் கேட்ட பிறகும் தட்டுவீர்களா, பார்க்கிறேன்.

நம் தொழிலின் நாணயம் எது? மடிப்பு! காய் வைத்தால் முக்கோணம், முட்டை வைத்தால் சதுரம். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தே கண்டுகொள்வார்கள் மக்கள். அந்த மடிப்பை மாற்றிய மகாபாவி நான்! சென்ற புரட்டாசி, மூன்றாம் சனிக்கிழமை. காலையிலிருந்து மின்சாரம் இல்லை. பிசைந்து வைத்த மாவு இளகுகிறது. மாஸ்டர் உத்திராபதி பதறுகிறார்.

"முட்டைய சதுரமா மடிச்சா நேரமாவும் மொதலாளி, என்னா பண்றது?"

"எல்லாத்தையும் முக்கோணமாவே மடிச்சித் தள்ளுப்பா. தட்டு வேற வேறதான?" என்றேன்.

கண்ணாடிப் பெட்டியில் அடுக்கும்போது தட்டு மாறிப்போனது.

மாலையில் வந்தாள் அமராவதி, எங்கள் தெருப் பெண். கணவன் செம்பியன் மருத்துவமனையில் கிடந்தான். அவன் பிழைக்க வேண்டுமென்று திருவந்திபுரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, மாதம் முழுக்க முட்டையைக்கூடத் தொடாமல் விரதம் இருந்தாள். "காய் பப்ஸ்தான மாமா?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். கடித்தாள். வாயில் மஞ்சள் கரு!

நான்காம் நாள் செம்பியன் போய்விட்டான்.

ஒரு முட்டைக்காகவா தாலியைப் பறிக்கும் தெய்வம்? மருத்துவர்கள் முன்பே கைவிரித்த உடம்பய்யா அது! சொன்னேன், அழுது சொன்னேன், காலில் விழுந்து சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"ஒங்க மேல தப்பில்ல மாமா. பிட்டுப் பாக்காம தின்னுட்டேன். அவர நாந்தான் கொன்னுட்டேன்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தன்னையே தண்டிக்கிறாளே, அதை எப்படித் தாங்குவேன்? இரண்டு மாதமாக அவள் வாசற்படி தாண்டவில்லை. வாய்க்கு ருசியாய் ஒரு வாய் உண்ணவில்லை.

யாரங்கே, "விதி" என்று சொல்வது? விதி இல்லை ஐயா, என் அவசரம்!

தாய்மார்களே, என் சொல் அவள் காதில் ஏறவில்லை, இனியும் ஏறாது. நீங்கள் போங்கள். "நீ கொல்லல" என்று சொல்லுங்கள். நம்பமாட்டாள். மறுநாளும் போங்கள். அப்போதும் நம்பமாட்டாள். அதற்கும் மறுநாள் போங்கள்!

இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் கேட்டீர்களே, அந்தப் பொறுமைக்கு நன்றி. வணக்கம்.