பின்சக்கரத்தில் ஒருவன்

1987 ஜூலை பதினொன்று, மாலை ஐந்தரை. மேற்குக் கான்சாஸில், கொலராடோ எல்லையை நோக்கிப் போகும் இருவழிச் சாலை. எதிர்காற்று. வெயில் நூற்றாறு டிகிரி.

கதையை இப்படித் தொடங்கியவன் ராய்ஸ், வேறொரு பயணத்தின் இரவில். வழியில் ஓர் ஊர்ப் பூங்காவின் தகரக் கொட்டகையில் நனைந்த சைக்கிள்களைச் சாத்திவிட்டு, ஐந்து பேர் ஒரே அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஆலங்கட்டி ஓய்ந்திருந்தது. மின்னல் ஓயவில்லை.

"என்கூட வேலை பாக்கறவனோட மச்சானுக்கு நடந்தது," என்றான் ராய்ஸ்.

"எப்பவும் எவனோட மச்சானுக்காவதுதான் நடக்கும். உனக்கு ஒண்ணும் நடந்து தொலைக்காதே," என்றாள் மார்லீஸ்.

"கேக்கறதுன்னா கேளு. இல்லன்னா போய்ப் படு."

யாரும் எழுந்து போகவில்லை.

மச்சானின் பெயர் வெர்லின் ஸ்டக்கி. தம்பி டெல்லோடு நாட்டின் குறுக்கே மேற்கு நோக்கி சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். டெல்லுக்குக் காலையிலிருந்தே வாந்தி. மாலையில் வியர்வை நின்றுபோனது... தொட்டால் தோல் சுட்டது. சாலைக்கு அடியில் ஒரு சிறு பாலம். அந்த நிழலில் படுத்துவிட்டான். அடுத்த ஊர் பதினெட்டு மைல். ஒரு வண்டியும் வரவில்லை. இருவருக்குமாக ஒரு புட்டித் தண்ணீர் இருந்தது.

"அத மட்டும் வச்சுட்டுப் போண்ணே."

"காத்துக்கு எதிரா மிதிக்கப்போறது நான். நீ சும்மா படுத்துக் கெடக்கப் போற. பச்சப்புள்ள மாதிரி சிணுங்காத. இருட்டறதுக்குள்ள ஆளக் கூட்டிட்டு வரேன்."

வெர்லின் புட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. அறுத்த கோதுமைத் தாளின் வாசனை. உருகிய தாரின் வாசனை. நான்காம் மைலில் புட்டி காலி. தலையைத் தொங்கப்போட்டு மிதித்தான்... சட்டென்று காதில் இரைச்சல் அடங்கியது. காற்று இல்லை. கண்ணெதிரே ஒரு பின்சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது.

முன்னால் போகிறவன் காற்றைக் கிழிப்பான். பின்னால் வருகிறவன் ஒரு சாண் விட்டு, அந்த மறைவில் பாதி பலத்தில் வருவான். சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். எடுத்தால் மோதும். வெர்லினும் நிமிர்ந்து யாரென்று பார்க்கவில்லை. ஒட்டிக்கொண்டான். முன்னவனிடமிருந்து ஈரக் களிமண் வாசனை வந்தது. அந்த வட்டாரத்தில் ஒரு மாதமாக மழை இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் முன்னவன் முழங்கையை வெளியே அசைத்தான். 'உன் முறை, முன்னால் வா' என்று அர்த்தம். வெர்லின் போகவில்லை. மறுபடியும் அசைத்தான். வெர்லின் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான்.

"ஓசிச் சவாரி நாய்," என்றது கொட்டகை இருட்டில் ஒரு குரல்.

மூன்றாம் முறை அசைப்பு இல்லை. முன்னவன் ஒதுங்கி, மிதிப்பதை நிறுத்தி, நழுவிப் பின்னால் போனான். காற்று வெர்லினின் முகத்தில் அறைந்தது. முதுகுக்குப் பின்னால்... டிக்... டிக்... டிக்... மிதிக்காத சக்கரத்தின் சத்தம். எதிர்காற்றில் மிதிக்காமல் எப்படி ஒருவன் கூடவே வருவான்?

வெர்லின் வேகத்தைக் குறைத்தான். டயரில் டயர் உரசியது. ஸ்ஸ்ஸ்... சைக்கிள் துள்ளியது. மிதித்தால் உரசல் நின்றது. தளர்ந்தால் ஸ்ஸ்ஸ்... பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. சைக்கிள் நிற்கவில்லை. பின்னாலிருந்து அவன் தள்ளிக்கொண்டே வந்தான்.

ஊர் வந்தது. தானியக் கோபுரம், ஒரு கடை, கடை வாசலில் தண்ணீர்க் குழாய். பக்கத்து பெஞ்சில் ஒரு பெண். 'தம்பி... பாலத்துக்கு அடியில...' என்று கத்தப் பார்த்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. மூச்சுதான் வெளியே வந்தது. ஊர் முடிந்தது. மறுபடியும் சாலை.

விடியும்போது, கொலராடோவுக்குள் வெகுதூரம் தள்ளி, ஒரு பால் லாரிக்காரர் அவனைக் கண்டார். பள்ளத்தில் மல்லாந்து கிடந்தான். கால்கள் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தன. அவனுக்குப் பேச்சு வரும்போது சாயங்காலம்.

ஷெரிப் அந்தக் கடை வாசல் பெண்ணை விசாரித்தார்.

"ஆமா, ரெண்டு பேரு போனாங்க. நான் கையாட்டினேன். முன்னால போனவன் வாயப் பொளந்துட்டு என்னமோ கோணங்கி காட்டிட்டுப் போனான், திமிரு புடிச்சவன். பின்னால வந்தவருதான் சிரிச்சு, திரும்பக் கையாட்டினாரு. நல்ல மனுஷன்."

டெல்லைப் பாலத்தின் அடியிலிருந்து அன்றிரவு எடுத்தார்கள். பன்னிரண்டாம் தேதி நண்பகல் வரை உயிர் இருந்திருக்கிறது என்றார் மருத்துவர்.